கோலாலம்பூரில் தேவகி வட்டு எறிந்த வாரம்

விளையாட்டு என்றால் எனக்கு ஆகாது. கிரிக்கெட் நாட்களில் ஸ்கோர் கேட்டு எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வருகிற அழைப்புகளாலேயே தலைவலி பிடித்தவள் நான். அப்படிப்பட்டவள் எண்பதுகளின் கடைசியில் ஒரு வாரம் கோலாலம்பூர் மைதானத்தில் வெயில் காய்ந்தேன் என்றால் அதற்குக் காரணம் தேவகி.

தேவகி எங்கள் திருச்சி எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புகளை இணைக்கிற டிரங்க் போர்டு ஆபரேட்டர். நான் அவளுடைய சூப்பர்வைசர். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவள் கால்களை எடுத்துக்கொண்டுவிட்டது. கைகள் மட்டும் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவளின் கைகள் மாதிரி இருக்கும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி வட்டு எறிந்து, ஊனமுற்றோருக்கான ஆசியப் போட்டி ஒன்றுக்குத் தேர்வாகியிருந்தாள். பெண் போட்டியாளர் என்றால் துணைக்கு ஒரு பெண் போக வேண்டுமாம். அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அண்ணிக்குக் கைக்குழந்தை. எக்ஸ்சேஞ்சில் பாஸ்போர்ட் வைத்திருந்த பெண் நான் ஒருத்திதான், மாட்டிக்கொண்டேன்.

விமானத்தில் தேவகி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எந்த மெடலா இருந்தாலும் சரி மேடம், ஒண்ணு வேணும். எனக்கு முப்பத்திரண்டு வயசாச்சு. இன்னொரு தடவை யாரும் என்னைக் கூப்பிட மாட்டாங்க." அவள் மடியில் இருந்த ஊறுகாய்ப் பொட்டலத்தை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

சுபாங் விமான நிலையத்தில் எங்களுக்காக ஒரு வேனும் அதன் டிரைவர் குணாவும் காத்திருந்தார்கள். கிள்ளான்காரர், நாற்பது வயது இருக்கும், வாய் ஓயாத மனிதர். முதல் கேள்வியே "பசியாறிட்டீங்களாக்கா?" என்பதுதான். காலை ஆகாரம் ஆயிற்றா என்று கேட்பதற்கு இவ்வளவு அழகான வார்த்தையைத் தமிழ்நாட்டில் நாங்கள் ஏன் கைவிட்டோம் என்று தெரியவில்லை. தேவகியைத் தூக்குவதற்கு முன்னால் "தூக்கலாமாக்கா?" என்று அவளிடமே அனுமதி கேட்டார். திருச்சி ஸ்டேஷனில் போர்ட்டர்கள் என்னிடம்தான் கேட்பார்கள், அவள் ஏதோ டிரங்குப் பெட்டி என்பது போல.

ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஒரு பயிற்சி விடுதியில் தங்கவைத்தார்கள். சுத்தமான இடம். காப்பி மட்டும் காப்பி இல்லை. 'காப்பி ஓ' என்று கறுப்பாக ஒன்று, இல்லையென்றால் டப்பாப் பாலைக் கரைத்துப் பாயசம் போல ஒன்று. நான் தேநீருக்கு மாறினேன். ரொட்டி சானாய் நம்ம ஊர்ப் பரோட்டாவின் மெலிந்த தங்கை. பருப்புக் குழம்பில் தோய்த்துத் தின்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காத நாளில் எனக்குப் பொழுது போகாது.

மறுநாள் காலை டில்லியிலிருந்து வந்திருந்த எங்கள் டீம் மேனேஜர், "இன்றைக்கு உங்களுக்கு மெடிக்கல், தயாராக இருங்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போனார். அவருக்கு நூறு தலைவலி. தேவகி தலைக்குக் குளித்து, இருப்பதிலேயே நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு, அகலமான துப்பட்டாவை விரித்துப் போர்த்திக்கொண்டாள்.

அறையில் இரண்டு டாக்டர்கள், ஒரு பிசியோதெரபிஸ்ட், மொழிபெயர்க்க ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ். அந்த அம்மாளை எல்லோரும் 'மிஸி' என்றார்கள். அங்கே நர்ஸுக்கு அதுதான் பெயர். தேவகியை உயரமான பெஞ்சின் விளிம்பில் உட்காரவைத்தார்கள். முன்னால் சாய முடியுமா, பக்கவாட்டில் சாய்ந்து நிமிர முடியுமா, முட்டியைத் தூக்க முடியுமா என்று டாக்டர் கேட்கக் கேட்க, மிஸி தமிழில் சொல்லி முடிப்பதற்குள் "முடியும்" என்றாள் தேவகி. செய்தும் காட்டினாள். முகம் சிவந்து நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நின்றது. வெளியே வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றதால் டாக்டர்கள் சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும், "எல்லாத்திலயும் பாஸ் மேடம்" என்றாள். எனக்கும் பெருமைதான். அன்று மதியம் குணாவின் வேனில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய் வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தந்தேன். ரசம் நன்றாக இருந்தது. அப்பளத்தைக் கேட்காமலே கைநிறைய அள்ளி வைக்கிறார்கள், தஞ்சாவூர்க் கல்யாணத்தில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதை ஒரு கடைக்கு ஒரு உயரம். நாற்காலியை ஏற்றி இறக்கியதில் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அந்தப் பேட்டையில் பார்வையற்றவர்கள் நிறைய. கைத்தடியைத் தட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள், வருகிறார்கள், யாரும் வாய் பிளந்து பார்ப்பதில்லை. அப்படி வந்த ஒருவர் தேவகியின் சக்கரத்தில் மோதிவிட்டார். தடியால் மெதுவாகத் தட்டிப் பார்த்து, "வீல்சேரா? சாரி லா தங்கச்சி, ஹாரன் அடிச்சிருக்கலாம்ல" என்றார். தேவகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திருச்சி கடைத்தெருவில் நாலு பேர் அவளைப் பார்த்து உச்சுக்கொட்டாத நாள் கிடையாது. இங்கே திட்டே வாங்கிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை விடுதிச் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்ப் போட்டிகளில் நாற்காலியில் எறிகிற பெண்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பந்தயம். இங்கே அப்படியில்லை. உடம்பில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று பரிசோதித்து, அதற்கேற்ப வகை பிரிக்கிறார்கள். இடுப்பும் முதுகும் திடமாக உள்ளவர்கள் ஒரு வகை, அவை பலமில்லாதவர்கள் வேறு வகை. நேற்று நடந்த மெடிக்கல் இதற்காகத்தான். அதில் எல்லாவற்றுக்கும் "முடியும்" என்ற தேவகியைத் திடமானவர்களின் வகையில் போட்டுவிட்டார்கள்.

திடமானவர்கள் என்றால் எப்படிப்பட்டவர்கள் என்று அன்று பயிற்சி மைதானத்தில் பார்த்தோம். ஜப்பான்காரி ஒருத்தி இடுப்பை ஒரு முறுக்கு முறுக்கி வட்டை விட்டாள் பாருங்கள், அது எங்கேயோ போய் விழுந்தது. தேவகி எறிவது வெறும் தோளால். இடது கையால் நாற்காலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலது கையை மட்டும் சுழற்றுவாள். அவளுடைய வட்டு ஜப்பான்காரியின் வட்டுக்குப் பாதி வழியில் இறங்கியது. தேவகி கையைத் துடைத்துக்கொண்டாள்.

மேனேஜர் உடனே மறுபரிசோதனைக்கு விண்ணப்பித்தார். ஐந்தாம் நாள் காலை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் போட்டியாளர் தானே சம்மதித்து வந்தால்தான் பரிசோதிப்பார்களாம்.

அன்று சாயங்காலம் மிஸி எங்களைப் பிரிக்பீல்ட்ஸில் இருந்த தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். அவருடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவராம். இடியப்பமும் சொதியும் போட்டார். தேங்காய்ப்பாலை இவ்வளவு நீர்க்கக் கரைத்தும் ருசியாக இருக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். மூன்றாவது இடியப்பம் வைத்தபிறகு மிஸி விஷயத்துக்கு வந்தார்.

"நேத்து உன்ர கை துப்பட்டாவுக்குக் கீழ பெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்ததுதானே, பிள்ளை?"

தேவகி தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு அப்ப பிடிபடேல்ல. பிறகு யோசிச்சுப் பார்த்தன். முட்டியைத் தூக்கேக்க உன்ர தோள்தான் ஆடினது, மற்றக் கையாலதானே அதைத் தூக்கினனீ. அந்த டாக்டர் உனக்கு வேலை குடுக்க வந்தவர் இல்லை. உன்னை ஆரோட போட்டி போட விடுறது எண்டு பார்க்க வந்தவர். நாளையிண்டைக்கு மறுபரிசோதனைக்கு வந்து உள்ளதைக் காட்டு."

"உள்ளதைக் காட்டணும்னா முடியாதுன்னு சொல்லணும்" என்றாள் தேவகி. "அதுக்கா மிஸி இவ்வளவு தூரம் வந்தேன்? முடியாதவங்களோட போட்டி போட்டுத்தானே ஜெயிச்சேன்னு நாளைக்கு ஊர்ல கேட்பாங்க."

"அவையளும் உன்னைப் போலத்தான் பிள்ளை எறியினம். அவையளை முடியாதவங்க எண்டு நீயே சொல்லலாமோ?" என்றார் மிஸி. தேவகி இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ எரிச்சல். மெடல் வேண்டும் என்று ஆகாயத்தில் வைத்துச் சொன்னவள் இவள்தான். அந்த ஜப்பான்காரியோடு எறிந்தால் கடைசி இடம் நிச்சயம். வேனில் திரும்பும்போது இதை வாய்விட்டே சொன்னேன்.

நான்காம் நாள் எங்களுக்குப் போட்டி எதுவும் கிடையாது. குணா தன் வீட்டுக்குச் சாப்பிட வரச்சொல்லி, கிள்ளானுக்குக் கூட்டிப்போனார். பெடரல் நெடுஞ்சாலையில் பாதி வழியில் மழை பிடித்தது. மழை என்றால் நம் ஐப்பசி மழை இல்லை, அண்டாவைக் கவிழ்த்த மாதிரி ஒரே கொட்டு. வேன் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோயிற்று. ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டுத் தொப்பலாக நனைந்து உள்ளே வந்தார் குணா. "மழை விட்டாத்தான் பார்க்க முடியும்க்கா. இது தன் பாட்டுக்கு நிக்கும், தன் பாட்டுக்கு ஓடும்."

கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, வெளியே ஒன்றும் தெரியவில்லை. அங்கேதான் தேவகி தானாகப் பேச ஆரம்பித்தாள்.

"வேலைக்குச் சேர்றப்ப மெடிக்கல் போர்டுல ஒரு டாக்டர் கேட்டார் மேடம், ஷிப்ட் முழுக்க ஸ்டூல்ல உக்கார முடியுமான்னு. முடியும் சார்னேன். உக்காந்து காட்டுன்னார். மத்தவங்களை எல்லாம் பார்த்து முடிக்கிற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தேன், மேஜைக் கால்ல முழங்கையைக் கோத்துக்கிட்டு. அவர் கவனிக்கலை. வேலை கிடைச்சுது. இன்னிக்கும் போர்டுல அப்படித்தான் உக்கார்றேன். கையை எடுத்தா சரிஞ்சிடுவேன். டாக்டரைக் கண்டாலே எனக்கு முடியும்னுதான் வாயில வருது. முடியாதுன்னா அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம்."

நான் அவளுக்கு இரண்டு ஸ்டூல் தள்ளி உட்காருகிறவள். எந்த ஆபரேட்டர் எத்தனை நிமிஷம் தாமதமாக வந்தாள் என்று எனக்கு அத்துப்படி. இவள் ஒற்றைக் கையால் பிளக்கைச் சொருகுவதைத் தினம் பார்த்திருக்கிறேன், கெட்டிக்காரத்தனம் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றியதில்லை.

முன் சீட்டில் குணா துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். "தப்பா நெனைக்காதீங்கக்கா. சின்ன லோரியில பெரிய லோரி சாமானை ஏத்தி ஓட்டுறீங்க. ஓடும்தான். ஆனா எத்தனை நாளைக்கி?"

"உங்க வேன்ல என்ன ஏத்தினீங்க, இப்படி நிக்குது?" என்றாள் தேவகி. குணாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மழை விட்டதும் எங்கேயோ ஒரு ஒயரை எடுத்துத் துடைத்து மாட்டினார், வேன் ஓடியது.

கிள்ளானில் ஒரு தெரு முழுக்கத் தமிழ்க் கடைகள். பூக்கடை, பாத்திரக் கடை, பட்டுப்புடவைக் கடை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் திருச்சி, திறந்து பார்த்தால் ஜவுளிக் கடைக்காரர் மலாயில் பேரம் பேசுகிறார். குணா வீட்டில் அவர் மனைவி நண்டுக் குழம்பு வைத்திருந்தார். நான் சைவம் என்று தெரிந்ததும் அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே பாவமாகப் போய்விட்டது. எனக்காக அவசரமாகக் கீரை வதக்கினார். தேவகி என் பங்கு நண்டையும் சேர்த்துத் தின்றாள்.

சாப்பிட்டதும் தரையில் பாய் விரித்து, "சாஞ்சிக்குங்கக்கா" என்று குணாவின் மனைவி இரண்டு தலையணைகளைச் சுவரோரம் அடுக்கினார். பரவாயில்லை, வேண்டாம் என்று தேவகி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சாய்ந்துகொண்டாள். அப்படியே தூங்கியும் போனாள், வாயைத் திறந்துகொண்டு, சின்னக் குறட்டையோடு. எழுந்து முகம் கழுவிவிட்டு, "மிஸிகிட்ட சொல்லிடுங்க மேடம், காலையில வரேன்னு" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிச் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஐந்தாம் நாள் அதே அறை, அதே பெஞ்சு. தேவகி துப்பட்டா போட்டுக்கொள்ளாமல் வந்திருந்தாள். உட்காரவைத்ததும் அவள் கை தானாகப் பெஞ்சின் விளிம்புக்குப் போனது. மிஸி முன்னால் வந்து, "ரெண்டு கையையும் என்னட்டத் தா பிள்ளை" என்று வாங்கி, அவள் மடியில் வைத்துவிட்டு விலகிக்கொண்டார். டாக்டர் ஒரு விரலால் தோளைத் தொட்டார். தள்ளக்கூட இல்லை. தேவகி அடுக்கி வைத்த துணி சரிகிற மாதிரி இடது பக்கம் சரிந்தாள், பிசியோதெரபிஸ்ட் பிடித்துக்கொண்டார்.

கையை ஊன்றாமல் நிமிர முடியுமா என்று டாக்டர் கேட்டார். மிஸி தமிழில் கேட்டார். தேவகி என்னைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள்.

"முடியாது."

முட்டியைத் தூக்க முடியுமா?

"முடியாது."

குரல் நடுங்கவில்லை. அழவும் இல்லை. நான்தான் அறையை விட்டு வெளியே வந்து நின்றேன். அரை மணி நேரத்தில் அவளை வேறு வகைக்கு மாற்றிவிட்டதாக மேனேஜர் வந்து சொன்னார். அன்று சாயங்காலம் குணா காஜாங்கிலிருந்து சாத்தே வாங்கிவந்தார், குச்சியில் கோத்துச் சுட்ட கறி. எனக்கு வெள்ளரிக்காயும் வேர்க்கடலைச் சாறும்தான் மிச்சம்.

ஆறாம் நாள் போட்டி. எறிகிற நாற்காலியை வட்டத்துக்குள் வைத்து, நான்கு பக்கமும் பட்டையால் இழுத்து, தரையில் இருந்த இரும்புக் கொக்கிகளில் கட்டினார்கள். தேவகியின் தொடைமேல் ஒரு பட்டை. எறியும்போது பிருஷ்டம் இருக்கையை விட்டு எழும்பினால் அந்த எறி செல்லாது, சிவப்புக் கொடி காட்டிவிடுவார்கள். இவ்வளவையும் கற்றுக்கொண்ட பிறகு, கிரிக்கெட் ஸ்கோர் கேட்பவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

அவளுடைய வகையில் மொத்தம் ஆறு பெண்கள். எல்லோரும் தோளால் எறிகிறவர்கள், இடது கை கம்பியைப் பிடித்திருக்க. கொரியாக்காரிதான் முதலிடம், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. தாய்லாந்துக்காரி இரண்டாவது. மூன்றாம் இடத்துக்கு ஹாங்காங்காரியும் தேவகியும் மாறி மாறி வந்தார்கள். ஒரு எறிக்குத் தேவகிக்குச் சிவப்புக் கொடி விழுந்தது. கடைசிச் சுற்றில் ஹாங்காங்காரி முந்திக்கொண்டாள். தேவகிக்குப் பாக்கி இருந்தது ஒரே எறி.

அவள் வட்டை உள்ளங்கையில் ஒருமுறை புரட்டிப் பிடித்தாள். மைதானத்து ஓரத்தில் குணா வேனை விட்டு இறங்கி வந்து நின்றிருந்தார். "வீசுங்கக்கா" என்று அவர் முணுமுணுத்தது எனக்கு மட்டும் கேட்டது. தேவகி வீசினாள். வெள்ளைக் கொடி. அளவு நாடாவைப் பிடித்திருந்தவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து சொன்ன எண், ஹாங்காங்காரியை ஒரு சாண் முந்தியிருந்தது. நான் குணாவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். யார் வீட்டு ஆண்பிள்ளையின் கையையும் நான் அதற்குமுன் பிடித்துக் குலுக்கியதில்லை.

பதக்கம் கொடுக்கிற இடத்தில் மூன்று நாற்காலிகளையும் வரிசையாக நிறுத்தினார்கள். தேவகி தன் சொந்த நாற்காலிக்கு மாறியிருந்தாள், இதில் பட்டை கிடையாது. கோட்டுப் போட்ட பெரிய மனிதர் ஒருவர் முதலில் கொரியாக்காரியிடம் போனார். ஒரு கையில் பூங்கொத்தைக் கொடுத்து, இன்னொரு கையைக் குலுக்கி, பிறகு அவள் தலையைக் குனிய, கழுத்தில் பதக்கத்தை மாட்டினார். அடுத்து தாய்லாந்துக்காரிக்கும் அப்படியே. அவர்கள் இரண்டு பேருக்கும் பின்னால் அவர்களுடைய பயிற்சியாளர்கள் நின்று தோளைப் பிடித்திருந்தார்கள். எங்களுடன் பயிற்சியாளர் வரவில்லை. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம், புகைப்படக்காரர்களுக்கு நடுவில் நின்றிருந்தேன்.

தேவகி திரும்பி என்னைத் தேடினாள்.

"மேடம், இங்க வந்து என்னைப் பிடிச்சுக்குங்க" என்றாள். எல்லோருக்கும் கேட்கிற குரல். "ரெண்டு கையும் விட்டா நான் விழுந்துடுவேன்."

கயிற்றைத் தாண்டிப் போனேன். ஒரு அதிகாரி மறிக்க வந்தார், தள்ளிவிட்டுப் போனேன். அவள் பின்னால் நின்று இரண்டு தோள்களையும் இறுகப் பிடித்தேன். தேவகி கம்பியிலிருந்து கையை எடுத்து, ஒரு கையில் பூவை வாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் பெரிய மனிதரின் கையைக் குலுக்கிவிட்டு, நன்றாக முன்னால் குனிந்தாள். அவளுடைய முழுக் கனமும் என் கைகளுக்கு வந்தது.